சிற்றளவுக் கதிர்வீச்சும் நம் உடல்நலமும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. அதனைச் சற்றே திருப்பி, "அளவில் குறைந்தால் நஞ்சும் தீங்கு செய்யாது" என்று சொன்னால் பொருந்துமா? பல பொருள்களைப் பொறுத்தவரை பொருந்தும். ஆனால் கதிர்வீச்சைப் பொறுத்தவரை அது பொருந்துமா, பொருந்தாதா என்பதை அறிய உலகெங்கும் உள்ள மருத்துவர்களும் இயற்பியல் அறிஞர்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகிறார்கள். அம்முயற்சியில் நம் தென்னாட்டுக் கடற்கரை ஒன்றுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றையும், அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடத்தையும் மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், நம் தருமபுரி மாவட்டத்தார் நன்கு அறிந்த நஞ்சு ஒன்றைப் பார்ப்போம். பென்னாகரம், பாலக்கோடு முதலிய வட்டாரங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் அளவுக்குள் அது இருக்கும் வரை பல்லுக்கு உறுதியே தரும். 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து பருகி வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியத் தொடங்கும். அளவு மிகவும் ஏறி, ஆண்டுகள் பலவும் கடந்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும். இந்தத் துன்பத்தைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு காவிரி நீர் நம் ஊர்களுக்கு வந்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. புளூரைடு என்னும் நஞ்சுக்கு ஒரு வாசற்படி உண்டு. வாசற்படிக்கு வெளியே நிற்கும் வரை அது தீங்கு செய்வதில்லை. உள்ளே வந்த பிறகு, அளவு ஏற ஏறத் தீங்கின் கடுமையும் ஏறுகிறது.

கதிர்வீச்சுக்கும் இத்தகைய வாசற்படி உண்டா? இதனை ஆராயுமுன், கதிர்வீச்சு என்பது யாது என்று தெளிவோம்.

1895ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு அறிஞர் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே பிரெஞ்சு அறிஞர் பெக்கெரல், யுரேனியம் என்னும் உலோகத்திலிருந்து தானாகவே ஒருவகைக் கதிர் வெளிப்படுவதைக் கண்டார். 1898ஆம் ஆண்டு மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களை உலகுக்கு அறிவித்தனர். இக்கதிர்கள் யாவும் ஒரு பண்பில் ஒன்றுபட்டவை. தாம் ஊடுருவிச் செல்லும் பொருளின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறியும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. எலக்ட்ரானை இழந்த அணுவை அயனி என்கிறோம். ஆகவே இவற்றுக்கு அயனியாக்கும் கதிர்கள் என்று பெயர். சூரிய வெளிச்சத்துக்கும், வானொலி அலைக்கும், கைப்பேசிக் கோபுரத்தின் அலைக்கும் இத்தகைய ஆற்றல் இல்லை. எல்லாவற்றையும் "கதிர்வீச்சு" என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு, ஒன்றுக்கு அஞ்ச வேண்டிய அச்சத்தை மற்றொன்றின்மேல் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது.

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அந்த உயிரணு எவ்வாறு வளர வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்னும் கட்டளைகள் அந்த இழையில் பொறிக்கப்பட்டுள்ளன. அயனியாக்கும் கதிர் அந்த இழையை அறுக்கக்கூடும். அறுந்த இழையைச் செப்பனிடும் திறமும் உயிரணுவுக்கு உண்டு. பெரும்பாலும் அது செம்மையாகவே சீராக்கிவிடுகிறது. சில வேளைகளில் உயிரணு மடிந்துவிடுகிறது. மிக அரிதாக, செப்பனிட்டதில் பிழை நேர்ந்து, பிழையான கட்டளையோடு உயிரணு வாழ்ந்து பெருகுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அது புற்றுநோயாகத் தலைகாட்டலாம்.

ஆகவே கதிர்வீச்சின் தீங்கு இரு வகைப்படும். மிகுந்த கதிரை ஒரே சமயத்தில் ஏற்றால் எண்ணற்ற உயிரணுக்கள் மடியும், தோல் புண்ணாகும், மயிர் உதிரும், உயிருக்கும் இறுதி நேரலாம். இந்த வகைத் தீங்குக்குப் புளூரைடைப் போலவே வாசற்படி உண்டு. மற்றொரு வகை, செப்பனிட்டதில் நேரும் பிழையால் வருவது. இங்கே அளவு கூடினால் நோயின் கடுமை கூடுவதில்லை. நோய் வரக்கூடிய வாய்ப்பே கூடுகிறது. புளூரைடு மிகுந்த நீரைப் பருகும் ஊரில் பிள்ளைகள் பலருக்கும் பல் கறைபடுகிறது. ஆனால் சிறிதளவு கதிரை ஏற்ற பத்தாயிரம் பேரில் மிகச் சிலருக்கு நோய் வரலாம். ஏனையோருக்கு ஒன்றும் நேராது. அந்தச் சிலர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. சிற்றளவுக் கதிர்வீச்சைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டாம் வகைத் தீங்கைப் பற்றியதே.

கதிரின் அளவைக் குறிக்க மில்லிசீவெர்ட் என்னும் அலகை வழங்குகிறார்கள். இந்த அலகு எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது என்பதை இயற்கையைக் கொண்டே உணரலாம். நம் மாவட்டத்தின் பாறைகளைப் பாருங்கள். கருங்கல்லிலும் அதன் இனத்துப் பாறைகளிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிறிதளவு கலந்துள்ளன. அவற்றிலிருந்து இரவும் பகலும் கதிர்கள் வெளிப்படுகின்றன. யுரேனியத்தின் வழித்தோன்றலாகிய ரேடான் என்னும் வாயு மண்ணிலிருந்து கசிந்து, காற்றோட்டமில்லாத அறைகளில் தேங்குகிறது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் பொழிகின்றன. நம் உடலுக்குள்ளேயே கதிர் உண்டு. நாம் உண்ணும் காய்கனிகளின் வழியே வரும் பொட்டாசியத்தில் ஒரு மிகச் சிறு பகுதி கதிரியக்கம் உடையது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 4,000 பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. இவை அனைத்தையும் கூட்டினால், உலக மக்கள் சராசரியாக ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவெர்ட் அளவு கதிரை இயற்கையிடமிருந்து பெறுகிறார்கள் என்று, 1955ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை அமைத்த அறிவியல் குழு கணக்கிட்டுள்ளது. அதில் பாதிக்கு மேல் ரேடான் வாயுவின் பங்கு.

சராசரி என்றால், அதற்கு மேற்பட்ட இடங்களும் இருக்க வேண்டும் அல்லவா? அத்தகைய இடம் ஒன்று நம் அண்டையிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் மழையிலும் வெயிலிலும் நைந்து பொடியாகி, ஆறுகளின் வழியே கடலை அடைந்தன. கடலலைகள் இலேசான மணலை வாரிக்கொண்டு, கனத்த மணலைக் கரையில் ஒதுக்கின. நெல்லைத் தூற்றுகையில் பதர் பறந்து மணி கீழே விழுவது போன்றது இது. இவ்வாறு ஒதுங்கிய கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதில் தோரியம் பொதிந்துள்ளது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தில் கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சவறா, கருநாகப்பள்ளி முதலிய இடங்களிலும் இம்மணல் மிகுதி.

இதனை உலகறியச் செய்தவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அது வந்த கரையைத் தேடி 1909ஆம் ஆண்டளவில் அவர் இங்கு வந்து சேர்ந்தார் என்பர். அந்நாளில் எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. உங்கள் தாத்தாமார் திருவிழாக்களில் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் அத்தகையதே. நாடு விடுதலை பெற்றபின், 1950ஆம் ஆண்டு, இம்மணலைப் பிரித்தெடுக்க இந்தியன் ரேர் எர்த்ஸ் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது.

இந்தக் கடற்கரை, மக்கள் இல்லாத பாலை அன்று. தலைமுறை தலைமுறையாக மீனவரும் பிறரும் நெருங்கி வாழும் இடம். அவர்கள் அந்த மணலில் பிறந்து, அந்த மணலில் விளையாடி, அந்த மணலின்மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். கருநாகப்பள்ளி வட்டத்துக் கடற்கரைப் பகுதியில் வெளியிடக் கதிரின் அளவு, பாதி இடங்களில் ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல்; சில இடங்களில் 70 வரை செல்கிறது. இங்கு வழங்கும் காமாக் கதிரைப் பொறுத்தவரை மில்லிகிரேயையும் மில்லிசீவெர்ட்டையும் நாம் ஏறக்குறைய ஒன்றாகவே கொள்ளலாம். சிற்றளவுக் கதிர் மனிதருக்குத் தீங்கா என்று அறிய விரும்பிய அறிஞர்கள், எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய இயலாத சோதனையை இயற்கையே இங்கு நடத்தி வைத்திருப்பதைக் கண்டனர்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1990ஆம் ஆண்டு கருநாகப்பள்ளியில் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினர். வீடு வீடாகச் சென்று கதிரை அளந்தனர். புகையிலை, உணவு, தொழில் ஆகியவற்றையும் கேட்டு எழுதினர். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவு 2009ஆம் ஆண்டு வெளியாயிற்று. அக்காலத்தில் அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. ஆனால் கதிர் மிகுந்த வீடுகளில் வாழ்ந்தோருக்கு, கதிர் குறைந்த வீடுகளில் வாழ்ந்தோரைவிடப் புற்றுநோய் மிகுதியாக வந்ததாகக் கணக்கில் தெரியவில்லை.

பிறக்கும் குழந்தைகளின் நிலை என்ன? இங்கே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. கதிர் மிகுந்த பகுதியில் டவுன் நோய்க்குறி உடையோர் மிகுதி என்று 1976ஆம் ஆண்டு டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர் எழுதினர். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் அவ்வெண்ணிக்கை இயல்புக்கும் குறைவாக இருந்தமையால்தான் இந்த வேறுபாடு தோன்றியது என்று பிறர் மறுத்தனர். வாதத்தால் தீராததை எண்ணிக்கையால் தீர்க்க முற்பட்டனர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 1995ஆம் ஆண்டு முதல் 2011 வரை அப்பகுதி மருத்துவமனைகளில் பிறந்த 1,40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். பெரிய பிறவிக் குறைகளோ, இறந்து பிறத்தலோ கதிர் அளவோடு சேர்ந்து ஏறவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயினும், 2002ஆம் ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு, தாய்வழியே வரும் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.வில் சிறு மாறுதல்கள் அங்கு மிகுதியாக நிகழ்வதாகக் காட்டிற்று. அம்மாறுதல்களால் நோய் வந்ததாக அவ்வாய்வு கூறவில்லை. எனினும் கதிர் உடலைத் தொடாமலே போகிறது என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அஃது ஒரு சான்று.

"அப்படியானால் சிறிதளவு கதிர் தீங்கற்றது என்று முடிவு கட்டலாமே" என்று உங்களில் சிலர் கேட்கலாம். பொறுங்கள். கணக்கு வகுப்பில் நாணயம் சுண்டிப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கு 50 முறை தலை விழ வேண்டிய நாணயம் ஒன்று, சற்றே கோணலாக இருப்பதால் 51 முறை தலை விழுகிறது என்று கொள்வோம். அதனை நூறு முறை சுண்டி அந்தக் கோணலைக் கண்டுபிடிக்க இயலுமா? இயலாது. பத்தாயிரம் முறைக்கு மேல் சுண்டினால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நூறு முறை சுண்டிவிட்டு, "கோணல் தெரியவில்லை" என்று சொல்வது உண்மை. "கோணல் இல்லை" என்று சொல்வது உண்மை ஆகாது.

இதே நிலைதான் இங்கும். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தினர் 2022ஆம் ஆண்டு கணித்தனர். அதாவது, பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 1,100 பேருக்கு. அந்தப் பத்தாயிரம் பேருக்கும் தலைக்கு 10 மில்லிசீவெர்ட் கதிர் கூடுதலாகக் கிடைத்தால், உலகக் கதிர்வீச்சுக் காப்புக் குழுவின் கணக்குப்படி 5 பேர் அளவில் கூடுதலாக நோயுறலாம். 1,100 என்பது 1,105 ஆகும். புகையிலையும் உணவும் முதுமையும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிவைக்கும் அந்த எண்ணில், இந்த ஐவரை எவ்வாறு கண்டறிவது? அதற்காக, அந்த ஐவர் இல்லை என்றும் சொல்லிவிட முடியுமா?

ஆகவே அறிஞர்கள் மேலும் பெரிய கூட்டங்களைத் தேடிச் சென்றனர். 1945ஆம் ஆண்டு அணுகுண்டு வீழ்ந்த ஹிரோஷிமா, நாகசாகி நகரத்து மக்களை உள்ளடக்கிய ஏறக்குறைய 1,20,000 பேரை 1950ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். 100 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் ஏற்றவர்களிடையே புற்றுநோய் கூடியது ஐயமின்றித் தெரிந்தது. அதற்குக் கீழே சான்று மங்குகிறது. தப்பிப் பிழைத்தோரின் பின்பிறந்த குழந்தைகளிடம் பரம்பரைக் கேடு எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை என்பது ஆறுதலான செய்தி.

இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டுவர்ட் என்னும் பெண் மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரையும், நலமாயுள்ள குழந்தைகளின் தாய்மாரையும் கண்டு வினவச் செய்தார். கருவுற்றிருந்தபோது வயிற்றில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்ட தாய்மார், குழந்தையை இழந்தவர்களிடையே ஏறக்குறைய இரு மடங்கு இருந்தனர். 1956ஆம் ஆண்டு அவர் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் மக்மஹோன் என்பார் நடத்திய ஆய்வும், இரு மடங்கு இல்லாவிடினும், அதே திசையையே காட்டிற்று. காலப்போக்கில் கருவுற்ற பெண்களுக்கு எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் வழக்கம் குறைந்தது. இன்று அவ்விடத்தில் ஒலியலையால் காணும் ஸ்கேன் வந்துவிட்டது. அதில் அயனியாக்கும் கதிர் இல்லை. எத்தனை குழந்தைகள் அந்தத் தாய்மாரின் நினைவாற்றலாலும் ஒரு மருத்துவரின் விடாமுயற்சியாலும் காக்கப்பட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அண்மைக்காலத்தில் இரு பெரும் ஆய்வுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. ஒன்று, பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்தொழிலாளர் 3,00,000க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. அவர்களில் சராசரியாக ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஏற்ற கதிரின் அளவு 20 மில்லிகிரேக்கும் குறைவு. அதற்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் என்னும் அளவில் புற்றுநோய் இறப்பு கூடுவது தெரிந்தது. மற்றொன்று, ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் சிறுவர், இளைஞரைப் பற்றியது. ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் பத்தாயிரம் பிள்ளைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இரத்தப் புற்று போன்ற நோய் வரலாம் என்று அது கணித்தது.

கருநாகப்பள்ளி ஒன்று சொல்கிறது. ஐரோப்பா மற்றொன்று சொல்கிறது. இவற்றில் எது உண்மை? இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும். கடற்கரை மக்கள் ஏற்பது ஆண்டு முழுவதும் துளித்துளியாக விழும் கதிர். உயிரணு அறுந்த இழையைச் செப்பனிட அங்கே அவகாசம் மிகுதி. ஸ்கேன் தருவது நொடிப்பொழுதில் விழும் கதிர். அன்றியும், வளரும் பிள்ளைகளின் உயிரணு விரைந்து பிரிவதால் பிழை பெருகவும் வழி உண்டு. கூடுதல் தீங்கு மிகச் சிறியதாயின் கருநாகப்பள்ளியின் கணக்கில் அது மறைந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், இரண்டு ஆய்வுகளும் ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன: சிற்றளவுக் கதிரால் வரும் தீங்கு, இருக்குமாயின், அது சிறியது. சிறியது என்பது வேறு. இல்லை என்பது வேறு.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, உலகக் கதிர்வீச்சுக் காப்புக் குழு ஒரு விதியை மேற்கொண்டுள்ளது. அறுதியான சான்று கிடைக்கும் வரை, கதிருக்கு வாசற்படி இல்லை என்றே கொண்டு நடப்போம். அளவு பாதியானால் ஆபத்தும் பாதியாகும், ஆனால் சுழி ஆகாது என்று கருதுவோம் என்பதே அவ்விதி. இதிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. பயன் இருந்தாலன்றி எவர்மீதும் கதிரைச் செலுத்தலாகாது. செலுத்துங்கால் இயன்றவரை குறைந்த அளவே செலுத்த வேண்டும். எந்நிலையிலும் குறித்த வரம்பைத் தாண்டலாகாது. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அவ்வரம்பை விதித்துள்ளது. இயற்கையும் மருத்துவமும் தருவது நீங்கலாக, பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட். கதிரோடு பணிபுரிவோருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓராண்டிலும் 30க்கு மேற்படாமல்.

மாணவர்களே, இது ஏதோ ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிய செய்தி என்று எண்ண வேண்டா. இது உங்கள் வீட்டு வாசலுக்கே வருவது. எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தான். மருத்துவர் மார்புக்கு எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கச் சொன்னார். அவன் பாட்டி ஒப்பவில்லை. "அந்தக் கதிரு பட்டா வம்சமே அத்துப் போகுமாமே, வாத்தியாரய்யா?" என்று என்னைக் கேட்டார். அந்த அம்மையாரின் அச்சத்தில் அன்பு இருந்தது, அளவு இல்லை. மார்புப் படம் ஒன்று தரும் கதிர் 0.1 மில்லிசீவெர்ட்டுக்கு மேற்படாது. "உங்கள் பேரன் உங்கள் வீட்டுத் திண்ணையில் சில நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தால் இந்த மண்ணும் பாறையும் வானமும் தருகின்ற கதிர்தானம்மா அது" என்று விளக்கினேன். படம் எடுத்ததில் காசநோய் தெரிந்தது. ஆறு மாதம் மருந்துண்டு அவன் நலம் பெற்றான். எடுக்காதிருந்தால் அவன் மட்டுமின்றி, அவனோடு ஒரே அறையில் உறங்கிய தங்கையும் பாட்டியுமே நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறானோரும் உண்டு. இலேசான தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் தாமே சென்று, "எனக்கு முழு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று கேட்போரை நாம் காண்கிறோம். வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று 8 முதல் 10 மில்லிசீவெர்ட் வரை தரும். அஃது இயற்கை மூன்று நான்கு ஆண்டுகளில் தருவதை ஒரே நாளில் பெறுவதாகும். விபத்தில் தலையில் அடிபட்டவனுக்கு அது உயிர் காக்கும் கருவி. அப்போது தயங்குவது பேதைமை. காரணமின்றி எடுத்துக்கொள்வதும் பேதைமையே. மருத்துவர் ஸ்கேன் எழுதும்போது, "இதனால் சிகிச்சை மாறுமா? ஒலியலை ஸ்கேன் போதுமா? முன்பு எடுத்த படம் உதவுமா?" என்று பணிவோடு கேளுங்கள். பழைய படங்களைப் பத்திரப்படுத்தி உடன் கொண்டு செல்லுங்கள். கருவுற்ற பெண்கள் அச்செய்தியை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

நம் மாவட்டத்து இளைஞர் பலர் தொழிற்பயிற்சி பெற்று வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். குழாய்களின் பற்றவைப்பைக் காமாக் கதிர்கொண்டு சோதிக்கும் பணியில் சிலர் சேரக்கூடும். சிலர் மருத்துவமனை எக்ஸ் கதிர்க்கூடங்களில் பணியாற்றக்கூடும். கதிரை அளக்கும் சிறு அட்டை ஒன்றை மார்பில் அணியத் தருவார்கள். "இதெல்லாம் எதற்கு, சிறிதளவுதானே" என்று அதனைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கடிகார முகப்பில் ரேடியம் பூசிய இளம்பெண்களிடம் அவ்வாறுதான் சொன்னார்கள். தூரிகையை உதட்டால் கூர்மையாக்கிப் பூசிய அப்பெண்கள் பலர் தாடையெலும்பு அழுகி மாண்டனர். 1928ஆம் ஆண்டு அவர்களில் ஐவர் வழக்காடி இழப்பீடு பெற்ற பின்னரே உலகம் விழித்தது. மேரி கியூரி அம்மையாரும் 1934ஆம் ஆண்டு குருதி குன்றும் நோயால் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் ஏற்ற கதிரே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. காலத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே தடுப்பு வைத்தல் ஆகிய மூன்றுமே காப்பு. தொலைவை இரு மடங்காக்கினால் கதிர் நான்கில் ஒன்றாகும் என்னும் பாடத்தை இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அது தேர்வுக்கு மட்டும் உரியதன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேடான் வாயுவும் புகையிலைப் புகையும் ஒருங்கே நுரையீரலில் சேர்ந்தால், தீங்கு பன்மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு அஞ்சி நடுங்கிக்கொண்டே கையில் பீடியைப் பற்றவைப்பவர், சிறிய பகைக்கு அஞ்சிப் பெரிய பகையை வீட்டுக்குள் அழைப்பவர் ஆவார். வீட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் செய்வது செலவில்லாத நற்காப்பு.

பழமொழியைத் திருப்பிச் சொல்லலாமா என்று தொடக்கத்தில் கேட்டேன். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, "அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும்" என்று மட்டுமே சொல்லலாம். "இல்லாமல் போகும்" என்று சொல்வதற்குரிய சான்று இன்னும் நம் கையில் இல்லை. எனவே கதிர் என்ற சொல்லைக் கேட்ட அளவில் ஓடவும் வேண்டா. சிறிதுதானே என்று எள்ளி நகையாடவும் வேண்டா. "எவ்வளவு? எத்தனை காலம்? எதன் பொருட்டு?" என்னும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். கருநாகப்பள்ளி மணலில் வீடு வீடாகச் சென்று அளந்தவர்களும், குழந்தையை இழந்த தாய்மாரிடம் பொறுமையோடு வினவியவர்களும் கேட்டவை இவையே. நாளை உங்களில் சிலர் மருத்துவராகவும், செவிலியராகவும், பொறியாளராகவும், ஆசிரியராகவும் ஆவீர்கள். அப்போது ஒரு பாட்டி அஞ்சிக் கேட்பார். ஓர் இளைஞன் அஞ்சாமல் கேட்பான். இருவருக்கும் அளவோடு விடை சொல்லும் அறிவை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.